இரண்டாவது மெஷின்

ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌகரியம், அம்மாவின் முழங்காலைத் தவிர. மழை வரப்போகிறது என்று வானத்துக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடுகிறது. உன் அத்தான் வழக்கம்போல எதற்கும் கவலைப்படாமல் நலமாக இருக்கிறார். கப்பலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பழக் கப்பலில் குளிர்ப்பதன வேலை பார்க்கிறவன் பழத்தையே தின்று காலம் தள்ளுகிறான் என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் தலை வெடிக்கிறது. எங்கள் மிட்டாய்கள் ஒட்டுகின்றன. கடித்தால் கடக்கென்று உடைய வேண்டிய மிட்டாய், காகிதத்தைப் பிரித்தால் பாதி காகிதத்தோடு வருகிறது. கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்புகிறார்கள். போன மழைக்காலத்திலேயே இந்தத் தொல்லை உண்டு, இந்த வருஷம் முதல் மழைக்கே ஆரம்பித்துவிட்டது.

முதலாளி நேற்று, நாங்கள் மிட்டாய்க்குக் காகிதம் சுற்றும் அறைக்கே வந்துவிட்டார். "ஏசி ரூம்ல உட்கார வெச்சிருக்கேன். அப்பவும் ஒட்டுதுன்னா உங்க கைதான் வேர்க்குது. அக்டோபர் முடியறதுக்குள்ள இது நிக்கலைன்னா ரூமை இழுத்து மூடிட்டு, சுத்துற வேலையை வெளியில கொடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேற்பார்வை பார்க்கும் என்னையும் சேர்த்து நாங்கள் இருபத்திரண்டு பெண்கள். கை வேர்க்கிறதாம்! நாங்கள் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மிட்டாய் சுற்றுகிறோம் என்பது அவர் கண்ணில் படவே இல்லை.

என் மனசுக்கு இது கைக் கோளாறு இல்லை, காற்றுக் கோளாறு. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்க முடியுமா? நீ படித்ததெல்லாம் அதுதானே. இன்னொன்று: எங்கள் அறையில் இருக்கும் இரண்டு ஏசி மெஷினும் மூன்று வருஷம் முன்னால் உன் பழைய கம்பெனி வைத்தவை. அந்தச் சமயம் நீ அங்கேதான் இருந்தாய். எந்தக் கணக்கில் வைத்தார்கள் என்று தெரிந்தால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜூன் 27

என் அருமை மிட்டாய்க்கார அக்காவுக்கு,

நான் நன்றாகவே இருக்கிறேன். பழம் தின்பதில்லை என்று அம்மாவிடம் சொல். ஒரு பழம் குறைந்தால் கூட எங்கள் சரக்கு அதிகாரிக்கு மூக்கில் வேர்த்துவிடும். அத்தானுக்கு என் அன்பு.

அக்கா, உன் கடிதத்தைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன்! இத்தனை வருஷத்தில் நம் வீட்டில் ஒருவராவது "காற்றில் எவ்வளவு ஈரம்" என்று கேட்டதுண்டா? இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். மடிப்பு கிழியாமல் பிரி. இதன் பெயர் சைக்ரோமெட்ரிக் சார்ட். பெயரைக் கேட்டுப் பயப்படாதே. காற்றின் ஜாதகம் என்று வைத்துக்கொள்.

அடியில் இடமிருந்து வலமாக ஓடுவது சாதாரண வெப்பம். அதை உலர் குமிழ் என்போம். வலது ஓரத்தில் கீழிருந்து மேலே ஏறுவது, ஒரு கிலோ காற்றில் எத்தனை கிராம் தண்ணீர் என்ற கணக்கு. வில் மாதிரி வளைந்து மேலே போகும் கோடுகள் ஈரப்பதம்: பத்து சதம், இருபது சதம் என்று ஏறி, இடது ஓரத்துக் கடைசி வளைவில் நூறு. அதற்கு மேல் காற்றால் தண்ணீரைத் தாங்க முடியாது, கீழே போட்டுவிடும். சரிவாக இறங்கும் கோடுகள் ஈரக் குமிழ், அதாவது நனைந்த துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் எண்.

இரண்டு தெர்மாமீட்டர் வாங்கு. ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி நனைத்துக்கொள். இரண்டையும் சின்ன மின்விசிறி முன்னால் மூன்று நிமிஷம் வை. துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது அந்தக் குமிழ் குளிரும். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு குளிரும். இரண்டு எண்ணையும் சார்ட்டில் தேடு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் உன் அறை! அந்தப் புள்ளியில் நின்றுகொண்டு ஈரம், கிராம் எல்லாவற்றையும் படித்துவிடலாம். மிட்டாய் ஒட்டாமல் இருக்க ஐம்பது சதத்துக்குக் கீழே வர வேண்டும்.

அளந்து எழுது. காத்திருக்கிறேன். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் தம்பி


ஜூலை 11

தம்பிக்கு,

அம்மா உட்பட அனைவரும் சுகம். அம்மாவுக்கு இப்போது முழங்காலைவிட உன் சார்ட் மேல்தான் கவலை. அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். "எதுக்குடி இது, பாதி விரிச்ச விசிறி மாதிரி? யாருக்காவது ஜுரமா?" என்கிறார். ஜுரம் எனக்குத்தான்! வீட்டில் வெந்நீர் போடும்போது அளக்கிறேன், குளித்து வந்ததும் அளக்கிறேன். உன் அத்தான் தூங்கும் அறையில் அளந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஈரம் எழுபது என்று சொன்னதற்கு, "மூச்சு விடறதுக்கும் கணக்கா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது கேள். சுற்றும் அறையில் உலர் குமிழ் பத்தொன்பது, ஈரக் குமிழ் பதினெட்டரை. சார்ட்டில் தேடினால் தொண்ணூற்றைந்து சதம்! தம்பி, நாங்கள் காற்றில் உட்காரவில்லை, கிணற்றில் உட்கார்ந்திருக்கிறோம்! ரேடியோவிடம் சொன்னேன். (அவள்தான் என் பக்கத்து மேசை. வாய் மூடாதவள் என்பதால் அந்தப் பெயர்.) அவள் வழியாகப் பத்து நிமிஷத்தில் ஆலை முழுக்கப் பரவிவிட்டது.

ஒன்று புரியவில்லை. போன வாரம் முதலாளி, ஒட்டுவது நிற்கட்டும் என்று மெஷினை இருபத்திரண்டிலிருந்து பத்தொன்பதுக்கு இறக்கினார். இறக்கிய பிறகு இன்னும் அதிகம் ஒட்டுகிறது. குளிர் கூடினால் ஈரம் குறைய வேண்டாமா?

மெஷின் கணக்கு பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே. மறந்துவிட்டாயா?

அக்கா


ஜூலை 29

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆசை. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது, அதைத் தவிர வேறு நோய் இல்லை.

தொண்ணூற்றைந்தா? அப்படியானால் இந்நேரம் உன் சுவரெல்லாம் வழிந்திருக்கும், ரேடியோவின் தலையில் காளான் முளைத்திருக்கும். உன் துணியைத் தொட்டுப் பார். விறைப்பாக இருக்கிறதா? நாக்கில் வைத்துப் பார். இனித்தால், நீ அதை நனைத்தது வாசலில் கை அலம்ப வைத்திருக்கும் வாளியில்தான். மிட்டாய் ஆலையில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு இது! சர்க்கரை ஏறிய துணியில் தண்ணீர் ஒழுங்காக ஆவியாகாது, குமிழ் குளிராது. புதுத் துணி எடு. கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரில் நனை.

இப்போது உன் நல்ல கேள்வி. சார்ட்டை எடுத்துக்கொள். பத்தரை கிராம் தண்ணீர் உள்ள காற்று, இருபத்திரண்டு டிகிரியில் இருக்கிறது. அங்கே ஒரு புள்ளி வை. ஈரம் சுமார் அறுபத்து நான்கு. இப்போது தண்ணீரை எடுக்காமல் வெறுமனே குளிர வை. புள்ளி படுக்கைக் கோட்டில் இடப்பக்கம் நகரும். பத்தொன்பதில் நிறுத்திப் படி: எழுபத்தேழு! ஒரு சொட்டுத் தண்ணீர் சேரவில்லை, ஆனால் ஈரப்பதம் ஏறிவிட்டது. குளிர்ச்சி வேறு, வறட்சி வேறு அக்கா. உன் முதலாளி குளிரை வாங்கி ஈரத்தையும் சேர்த்து வாங்கியிருக்கிறார்.

தண்ணீரை எடுக்க வேண்டுமானால் மெஷினுக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்களில் காற்று நன்றாகக் குளிர்ந்து அந்தக் கடைசி வளைவைத் தொட வேண்டும். தொட்ட பிறகு வளைவோடு சறுக்கிக் கீழே இறங்க வேண்டும். இறங்க இறங்கத் தண்ணீர் கொட்டும். அதற்கு நேரம் பிடிக்கும். மெஷின் நிற்காமல் நிதானமாக ஓட வேண்டும்.

அதனால் ஒரு வேலை செய். மெஷின் எத்தனை நிமிஷம் ஓடுகிறது, எத்தனை நிமிஷம் சும்மா இருக்கிறது என்று பார். தண்ணீர் வெளியேறும் குழாய்க்கு அடியில் வாளி வைத்து ஒரு வேளைக்கு எவ்வளவு சேருகிறது என்றும் பார்.

பழைய கம்பெனியில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. அதை விடு.

உன் தம்பி


ஆகஸ்ட் 12

தம்பிக்கு,

வீட்டில் எல்லாரும் திடமாக இருக்கிறோம். அம்மா உன்னைக் கேட்டார், உடம்பு இளைத்திருக்கிறதா என்று எழுதச் சொன்னார்.

துணி இனித்தது. போதுமா? ரேடியோவுக்கும் கொடுத்தேன், "ஆரஞ்சு வாசனைகூட வருதுக்கா" என்றாள்.

புதுத் துணியில் எடுத்த அளவு: உலர் குமிழ் பத்தொன்பது, ஈரக் குமிழ் பதினாறரை. எழுபத்தெட்டு சதம். கிலோவுக்குப் பத்தே முக்கால் கிராம் தண்ணீர். மூன்று நாள், நாளுக்கு நான்கு முறை எடுத்தேன். ஊசியால் குத்தினாற்போல ஒரே இடத்தில் நிற்கிறது.

இனிதான் வேடிக்கை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மெஷினும் ஒன்றாகக் கிளம்புகின்றன. நான்கு நிமிஷம் ஓடுகின்றன, அறை ஜில்லென்று ஆகிவிடுகிறது, நின்றுவிடுகின்றன. பிறகு பதினோரு நிமிஷம் ஓய்வு! என் மாமியாரே அவ்வளவு ஓய்வெடுத்ததில்லை. அந்தப் பதினோரு நிமிஷமும் விசிறி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. குழாயில் சொட்ட ஆரம்பித்த தண்ணீர் நின்றுவிடுகிறது. மூடியைக் கழற்றிக் கை வைத்துப் பார்த்தேன். ஈரமாக இருந்த தகடெல்லாம் விசிறிக் காற்றில் காய்ந்து போகிறது. எடுத்த தண்ணீரை மறுபடி எங்களுக்கே ஊதிவிடுகிறது தம்பி! ஒரு வேளை முழுக்க வைத்த வாளியில் அடிதான் நனைந்தது.

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. எங்கள் அறைக்கு இரண்டு மெஷின் அதிகம்! வந்த வேகத்தில் குளிர வைத்துவிட்டுப் படுத்துவிடுகின்றன. வளைவில் சறுக்க நேரமே இல்லை. சரிதானே? சரி என்று சொல்! சொன்னால் நான் ஆலைக் கூரை மேல் ஏறிக் கத்துவேன்.

மெக்கானிக் திருகாணியிடம் சொன்னேன். அவர் எதையும் திருகாமல் பேச மாட்டார். ஸ்குரூ டிரைவரைச் சுற்றிக்கொண்டே, "மெஷின் பெருசா இருந்தா நல்லதுதானேம்மா? சின்னதா இருந்தாத்தான் தப்பு" என்றார். ஊரே அப்படித்தான் நினைக்கிறது. முதலாளி ஒரு படி மேலே போய் மூன்றாவது மெஷின் வாங்கப் போகிறாராம்! அக்டோபர் இருபதாம் தேதி கையெழுத்து. அதுவும் பலிக்காவிட்டால் மாதக் கடைசியில் அறைக்குப் பூட்டு. மூன்று வந்தால் மூன்று நிமிஷத்தில் நின்றுவிடும், எங்கள் கதை முடிந்தது.

இந்த அறைக்கு இரண்டு வைத்த மகராசன் யாரோ, என் கையில் கிடைத்தால் ஒரு நாள் முழுக்க ஸ்வெட்டர் இல்லாமல் இங்கே உட்கார வைப்பேன். உட்கார்ந்திருப்பவர்களை ஒரு நிமிஷமாவது நினைத்துப் பார்த்திருப்பானா?

சீக்கிரம் எழுது.

அக்கா


செப்டம்பர் 5

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன்னிடமிருந்துதான் மூன்று வாரமாக ஒரு வரி இல்லை. கப்பல் துறைமுகம் தொடவில்லையா, உனக்கு உடம்பு சரியில்லையா? அம்மா தினம் தபால்காரர் முகத்தைப் பார்க்கிறார். அவர் இப்போது எங்கள் தெருவில் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

முதலாளியிடம் பேசிப் பார்த்தேன். ஒரு மெஷினை நிறுத்திப் பார்க்கலாம் என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பெரிய கம்பெனி, படிச்சவங்க, கணக்கு போட்டு ரெண்டு வெச்சிருக்காங்க. நீ துணி சுத்தின தெர்மாமீட்டரை வெச்சுக்கிட்டு ஒண்ணு போதுங்கறே. கணக்குத் தாளைக் கொண்டா, பார்க்கலாம்" என்றார். கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். பழைய தாள் எதுவும் இல்லை என்று பதில் வந்துவிட்டது.

உன் பதில் வந்தால் எனக்குப் பலம்.

அக்கா


செப்டம்பர் 9

அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே கப்பலில் பழம் வைக்கும் இரண்டாம் அறையில் குளிர் நிற்கவில்லை, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னது சரி. முழுக்கச் சரி. இரண்டு அதிகம். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை இருபத்து நான்கில் வை. விசிறியை மெஷினோடு சேர்ந்து நிற்கும்படி திருகாணியிடம் மாற்றித் தரச் சொல். மெஷின் நிற்காமல் ஓடும், தண்ணீர் கொட்டும். தைரியமாகச் செய்.

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அம்மாவுக்கு நான் இளைக்கவில்லை என்று சொல்.

தம்பி


செப்டம்பர் 24

என் தங்கத் தம்பிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்! முதலில் இதைக் கேள்!

உன் கடிதம் வந்த நான்காம் நாள் முதலாளி இரண்டு நாள் வெளியூர் போனார். திருகாணியைப் பிடித்தேன். "என் வேலை போயிடும்மா" என்றார். "ஒட்டிக்கிட்டே இருந்தா எல்லார் வேலையும்தான் போகப்போகுது" என்றேன். ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் விசிறி ஒயரை மாற்றிக் கொடுத்தார். காலை ஏழு மணிக்கு இரண்டாவது மெஷினை நானே என் கையால் நிறுத்தினேன்.

எட்டு மணிக்கு ரேடியோ ஸ்வெட்டரைக் கழற்றினாள். ஒன்பது மணிக்கு எல்லாரும் கழற்றிவிட்டார்கள். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது, நிற்கவே இல்லை! பத்து மணிக்கு வாளியைப் பார்க்கப் போனேன். விளிம்பு வரை தண்ணீர்! ஒரு பெண் வாளியைக் கொட்டிவிட்டு வருவதற்குள் தரை நனைந்துவிட்டது. எங்கள் அறைக்குள் இவ்வளவு தண்ணீரா மிதந்துகொண்டிருந்தது என்று ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள்.

நண்பகலில் தெர்மாமீட்டர்களை விசிறி முன் வைத்தேன். மற்ற இருபத்தோரு பேரும் சுற்றி நின்றார்கள். உலர் இருபத்து நான்கு. ஈரம்... பதினாறரை! அதே பழைய பதினாறரை! ஈரக் குமிழ் ஒரு நூல்கூட அசையவில்லை. ரேடியோ கழற்றிய ஸ்வெட்டரை மறுபடி கையில் எடுத்தாள். சரி, அவ்வளவுதான், எல்லாம் வீண் என்று நினைத்தேன்.

இருந்தாலும் சார்ட்டை விரித்தேன். பதினாறரை என்ற சரிவுக் கோட்டில் விரலை வைத்து இறங்கினேன். பழைய புள்ளியைத் தாண்டி வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போய் இருபத்து நான்கைத் தொட்டேன். எந்த வளைவில் நிற்கிறேன் என்று பார்த்தால்... நாற்பத்தாறு! தம்பி, நாற்பத்தாறு! தண்ணீர் பத்தே முக்கால் கிராமிலிருந்து எட்டரைக்கு இறங்கியிருக்கிறது! அதே சரிவுக் கோடு, ஆனால் மேல்முனையில் சேறு, கீழ்முனையில் மணல். நான் கத்திய கத்தலில் பாகு காய்ச்சுகிற ஆட்கள் ஏதோ விபத்து என்று ஓடி வந்துவிட்டார்கள். மாலையில் ஒரு தட்டு மிட்டாயைக் குலுக்கினேன், கூழாங்கல் மாதிரி சலசலத்தது. என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை, பொய் சொல்லவில்லை.

மறுநாள் முதலாளி வந்தார். நின்ற மெஷினைப் பார்த்து முதலில் ஒரு ஆட்டம் ஆடினார். மிட்டாயைத் தொட்டுப் பார்த்து அடங்கினார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. "ரெண்டு நாளா மழை இல்ல, அதான்" என்றார். வெளிக்காற்றின் அளவைக் காட்டினேன். கிலோவுக்கு இருபத்திரண்டு கிராம், மழை நாளுக்குக் குறைவே இல்லை. "கோடு போட்ட காகிதத்தை வெச்சு என்னை மெரட்டாதே. ஒண்ணு போதும்னா அவங்க ஏன் ரெண்டு வெச்சாங்க? அதுக்கு ஒரு பதில் சொல்லு, மூணாவது மெஷினை நிறுத்திடறேன். இல்லேன்னா இருபதாம் தேதி கையெழுத்துதான்" என்றார். இரண்டாவது மெஷினை மறுபடி போடச் சொல்லிவிட்டார். அன்று மாலையே ஒட்ட ஆரம்பித்துவிட்டது.

ஏன் இரண்டு வைத்தார்கள்? சார்ட் முழுக்கத் தேடிவிட்டேன், அதில் அது இல்லை. மூன்று கடிதத்தில் உன்னிடம் இதைக் கேட்டிருக்கிறேன். மற்ற எல்லாக் கேள்விக்கும் பக்கம் பக்கமாக எழுதினாய். இது ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை என்பதை நான் கவனிக்காமல் இல்லை. தெரியாவிட்டால் தெரியாது என்றாவது எழுது.

அம்மா நலம், நானும் நலம்.

உன் அக்கா


அக்டோபர் 4

அக்காவுக்கு,

நான் நலம். நாற்பத்தாறு என்று படித்ததும் எஞ்சின் அறையில் இருந்தவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தேன். அவர்களுக்கு என்னவென்றே தெரியாது, சும்மா சேர்ந்து கத்தினார்கள். அதற்குப் பிறகு உன் கடைசிப் பத்தியைப் படித்தேன்.

அந்தக் கணக்கைப் போட்டவன் நான்தான்.

அப்போது நான் வரைபட மேசையில் சின்ன ஆள். மேலே இருந்தவர் கணக்கை என்னிடம் விட்டுவிட்டு, பார்க்காமலே கையெழுத்து போடுவார். ஒழுங்காகப் போட்டேன். ஒரு மெஷின் போதும் என்று வந்தது. அதே வாரம்தான் நீ அந்த அறையில் வெக்கை தாங்காமல் மயங்கி விழுந்தாய். ஆஸ்பத்திரியில் உன் முகத்தைப் பார்த்தேன், உதடெல்லாம் வெடித்திருந்தது. மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். தாள் மேசை மேலேயே இருந்தது. இருபத்திரண்டு பேர் என்பதை ஐம்பது பேர் என்று திருத்தினேன். மேற்குச் சுவருக்கு இல்லாத வெயிலைச் சேர்த்தேன். இரண்டு மெஷின் வந்தது. ஒன்று பழுதானால்கூட அக்காவுக்கு வேர்க்கக் கூடாது என்று நினைத்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாகப் பெருமை வேறு.

உன் முதல் கடிதத்தில் ஸ்வெட்டர் என்ற வார்த்தையைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. சார்ட்டை அனுப்பினால் நீயே கண்டுபிடித்துவிடுவாய், நான் சொல்ல வேண்டியிருக்காது என்று கணக்கு போட்டேன். அந்தக் கணக்கும் தப்பு. எவ்வளவு என்று சார்ட் சொல்லும், எதற்காக என்று சொல்லாது. கம்பெனியில் தெரிந்தவர் யாரும் இல்லை என்று எழுதியதும் பொய்.

இதோடு உன் முதலாளிக்கு ஒரு கடிதம் இருக்கிறது, உறையை ஒட்டவில்லை. சரியான கணக்கையும் நான் திருத்திய கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, ஏன் திருத்தினேன் என்பதையும் எழுதியிருக்கிறேன். அவர் என் கப்பல் கம்பெனிக்கு எழுதினாலும் எழுதட்டும். டிசம்பரில் எனக்குப் பதவி உயர்வுத் தேர்வு இருக்கிறது, அதை நிறுத்தினாலும் நிறுத்தட்டும். இருபதாம் தேதிக்குள் இது வந்து சேர வேண்டும் என்பதுதான் இப்போது என் ஒரே கவலை. நீ இதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளக் கூடாது. உன்னை எனக்குத் தெரியும்.

தம்பி


அக்டோபர் 19

தம்பிக்கு,

எல்லாரும் நலமாக இருக்கிறோம். உன் கடிதம் பதினாறாம் தேதி காலை வந்தது.

நீ சொன்னது சரி, கொடுக்காமல் வைத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். முதலாளிக்கு எழுதியதை மட்டும் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று இரண்டு மெஷினும் ஓடின. காகிதத்தில் ஒட்டிய மிட்டாயைச் சுரண்டிக்கொண்டே என் பக்கத்தில் இருபத்தோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

முதலாளி அறைக்கு நடுவில் நின்று படித்தார். முதலில் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் ஆரம்பித்தார். இருபத்திரண்டு, ஐம்பது, மேற்குச் சுவர் எல்லாம் வந்தது. ஆஸ்பத்திரி என்ற இடம் வந்ததும் சத்தம் இறங்கியது. மீதியை மனசுக்குள் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு நேராகப் போய் இரண்டாவது மெஷினை நிறுத்திவிட்டு, "திருகாணி, இதைக் கழட்டி பாகு காய்ச்சறவங்க உட்கார்ற ரூம்ல மாட்டு. மூணாவதும் வேணாம், பூட்டும் வேணாம்" என்றார். என் பக்கம் திரும்பி, "உன் தம்பி எப்பவாவது வந்தா இந்த ரூமுக்குள்ள மட்டும் விட்டுடாதே. நாலாவது மெஷின் வெச்சுட்டுத்தான் போவான்" என்றார். உன் கம்பெனிக்கு எழுதப்போவதில்லையாம். நிம்மதியாகத் தேர்வு எழுது.

அவர் போனதும் அறை எப்படிக் கத்தியது தெரியுமா! ரேடியோ மேசை மேல் ஏறிவிட்டாள். இறங்கி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கி, "மூணு வருஷமா நான் மூக்கை உறிஞ்சிக்கிட்டு மிட்டாய் சுத்தினது உன் தம்பியாலயா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்துவிட்டது. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "பிள்ளை அக்கறையா ரெண்டு வெச்சிருக்கான், அதுல என்னடி தப்பு?" என்கிறார். அவரிடம் சார்ட் பேச என்னால் ஆகாது.

ஒன்று சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன். பொய் எழுதியதற்கு மட்டும் இல்லை. மூன்று வருஷம் அந்த அறையில் விரல் விறைத்துப்போய் உட்கார்ந்து, நம்மை ஒருவன்கூட மனுஷியாக நினைக்கவில்லை என்று புலம்பியிருக்கிறேன். உனக்கு எழுதிய கடிதத்திலேயே சபித்தேன். கடைசியில் பார்த்தால், என் ஒருத்தியை நினைத்துக்கொண்டு மற்ற இருபத்தோரு பேரை மறந்துபோனவன் செய்த வேலை அது. இதைப் படித்த அன்று உன்னை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

உனக்குத் தேர்வு முடிந்து பெரிய ஆளாகி, எத்தனையோ அறைகளுக்குக் கணக்கு போடுவாய். எவ்வளவு வருகிறதோ அவ்வளவே எழுது. அந்த அறையில் உட்காரப் போவது நானாகவே இருந்தாலும் சரி, ஒரு எண்ணையும் தொடாதே. எனக்கு வேர்த்தால் வேர்க்கட்டும் தம்பி.

உன் அக்கா